டவுன் சின்ட்ரோம்: குழந்தையை மறைக்காமல் வளர்ப்போம்

ராணிப்பேட்டைப் பகுதியில் பணியாற்றும் எங்களைப் போன்ற மருத்துவர்களுக்கு ஒரு சொல் அடிக்கடி சங்கடம் தருவதுண்டு. பிறந்த குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருப்பதைப் பெற்றோரிடம் தெரிவிக்கும்போது, "குரோமோசோம் ஒன்று கூடுதலாக உள்ளது" என்று சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் இதைக் கேட்ட ஒரு தந்தை தலையைக் குனிந்துகொண்டு அழத் தொடங்கிவிட்டார். அவர் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர். "பதினைஞ்சு வருஷமா குரோம் டிரம்முலதான் வேலை டாக்டர். எம் புள்ளைக்கு நான்தான் இத கொண்டாந்துட்டனா?" என்று கேட்டார்.

தோலைப் பதனிடப் பயன்படும் குரோமியம் ஓர் உலோகம். குரோமோசோம் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் மரபிழை. இரண்டு பெயர்களும் நிறத்தைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. பெயரளவில் உள்ள அந்த உறவைத் தவிர அவற்றுக்கிடையே வேறு உறவு இல்லை. குரோமியம் தோலில் புண்களை உண்டாக்கக்கூடியது. ஆகவே கையுறையும் காலுறையும் கட்டாயம் தேவை. ஆனால் டவுன் சின்ட்ரோமுக்குக் காரணமாக மருத்துவ அறிவியல் அதைக் கருதுவதில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்தத் தந்தை குழந்தையைக் கையில் வாங்கினார்.

குற்ற உணர்வு இருக்கும் வீட்டில் குழந்தையை மறைக்கும் எண்ணமும் வந்துவிடுகிறது. எனவே காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

யாருடைய குற்றமும் அன்று

மனித உயிரணுவில் 23 இணைகளாக 46 குரோமோசோம்கள் உள்ளன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வோர் இணையும் பிரிய வேண்டும். சில வேளைகளில் 21ஆம் இணை பிரியாமல் நின்றுவிடுகிறது. அப்போது குழந்தைக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைகிறது. ஏறத்தாழ 700 முதல் 1000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் எல்லா நாடுகளிலும், எல்லா மதத்தினரிடமும், செல்வர் வறியவர் என்ற வேறுபாடின்றி இது நிகழ்கிறது.

தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. 35 வயதில் ஏறக்குறைய 350இல் ஒன்று. 40 வயதில் 100இல் ஒன்று. ஆயினும் இளவயதிலேயே மிகுதியான பெண்கள் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோரின் தாய்மார் 35 வயதுக்கு உட்பட்டவர்களே. கிரகணத்தன்று வெளியே வந்ததோ, கருவுற்ற காலத்தில் உண்ட உணவோ, யாருடைய கண்ணேறோ இதற்குக் காரணம் அன்று. உறவுமுறைத் திருமணம் வேறு சில பரம்பரை நோய்களின் வாய்ப்பைக் கூட்டும்; டவுன் சின்ட்ரோமுக்கு அது காரணம் அன்று.

பெயரைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. 'டவுன்' என்றால் தாழ்ந்தது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 1866இல் இந்நிலையை விளக்கி எழுதிய ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர் அது. கூடுதல் குரோமோசோமே காரணம் என்பது 1959இல்தான் பாரிசில் கண்டறியப்பட்டது. அதுவரை உலகெங்கும் தாய்மார்களே பழி சுமந்தனர்.

மறைத்ததற்குக் கொடுத்த விலை

ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் தாய் ஒரு நாள் அழைத்து வந்தார். மாடிப்படி ஏறினால் உதடுகள் நீலம் பாரிக்கின்றன என்றார். பிறந்தது முதல் அன்றுவரை அக்குழந்தை தெருவைப் பார்த்ததே அரிது. அண்டை வீட்டாருக்கே அப்படியொரு குழந்தை இருப்பது தெரியாது. "மூத்தவளுக்கு வரன் பார்க்கிற வயசு டாக்டர், வெளியே தெரிஞ்சா யார் வருவாங்க?" என்றார் தாய்.

டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கும். அச்சிறுமிக்கு இதயத்தின் நடுச்சுவரில் பெரிய துளை இருந்தது. பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் அறுவை செய்து சரிசெய்யக்கூடிய குறை அது. ஆறு ஆண்டுகள் கடந்ததில் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிக உயர்ந்து, குழாய்களே கெட்டித்துவிட்டன. இனித் துளையை அடைத்தால் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். மருந்து தவிர வேறு வழி எங்களிடம் இல்லை.

அத்தாயைக் குறைகூற இதை எழுதவில்லை. "இந்தக் குழந்தை இப்படித்தான் இருக்கும், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பிறந்த அன்று சொல்லி அனுப்பியவரும் ஒரு மருத்துவரே. ஊர் பேசும் என்று அவரை அஞ்ச வைத்தவர்கள் நாம் அனைவருமே.

அரசின் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடைமுறையில் உள்ளது. நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அவை தேடும் பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் டவுன் சின்ட்ரோமும் இதயக் குறைபாடும் உள்ளன. மேல் சிகிச்சைக்கும் திட்டத்தில் வழி உண்டு. ஆனால் அங்கன்வாடிக்கே அனுப்பப்படாத குழந்தை அக்குழுவின் கண்ணில் எவ்வாறு படும்?

அக்காவின் திருமணம்

இப்பகுதியில் குழந்தையை மறைப்பதற்கு நாங்கள் மிகுதியாகக் கேட்கும் காரணம் மூத்த பிள்ளைகளின் திருமணமே. இந்த அச்சத்தைத் தெளிவிக்க ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு.

இக்குழந்தைகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு 21ஆம் குரோமோசோம் தனித்தனியே மூன்றாக இருக்கும். இவ்வகை பரம்பரையாக வருவதன்று. உடன்பிறந்தோருக்கு இத்தகைய குழந்தை பிறக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்கு உள்ளதைவிடக் கூடுதல் இல்லை. மூன்று, நான்கு விழுக்காட்டினருக்கு மட்டும் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும். அப்போது பெற்றோரில் ஒருவர் நலமாக இருந்துகொண்டே அதைச் சுமப்பவராக இருக்கலாம். பெற்றோரையும் தேவைப்பட்டால் உடன்பிறந்தோரையும் பரிசோதிப்போம். ஆகவே குழந்தையின் குரோமோசோம் பரிசோதனையை ஒருமுறை செய்து, அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். வரன் வீட்டார் கேட்டால் காட்டுவதற்குக் கையில் சான்று இருக்கும்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

இதயம்: மூச்சிரைப்போ நீலமோ இல்லாவிட்டாலும் முதல் மாதத்திற்குள் எக்கோ பரிசோதனை தேவை. வெளியே ஒன்றும் தெரியாமலே பெரிய துளை இருக்கக்கூடும்.

தைராய்டு: பிறந்தவுடன், ஆறாம் மாதம், ஓராண்டு நிறைவு, அதன்பின் ஆண்டுதோறும். குறைபாட்டைக் கவனிக்காவிடில் மூளை வளர்ச்சி மேலும் தடைப்படும். நாளும் ஒரு சிறு மாத்திரை அதைத் தடுக்கும்.

காதும் கண்ணும்: பிறந்தவுடன் கேட்புப் பரிசோதனை, ஆறு மாதத்திற்குள் கண் பரிசோதனை, பிறகு குறித்த இடைவெளியில் தொடர்ந்து. 'சொன்னால் புரியவில்லை' என்று கருதப்படும் குழந்தைக்குச் சில வேளைகளில் காது கேட்காததே குறையாக இருக்கும்.

பால்: தசைகள் தளர்ந்திருப்பதால் குழந்தை மெதுவாகச் சப்பும். பொறுமையோடு பழக்கினால் பெரும்பாலான குழந்தைகள் தாய்ப்பால் குடிக்கும். தடுப்பூசிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் போலவே.

பயிற்சி: இயன்முறைப் பயிற்சியை முதல் மாதங்களிலேயே தொடங்க வேண்டும். இக்குழந்தைகள் உட்கார ஏறத்தாழ ஓராண்டும் நடக்க இரண்டாண்டும் ஆகலாம். பேச்சு இன்னும் தாமதமாகும். ஆனால் பேசுவதைவிட மிகுதியாகவே அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். எனவே பேசாத குழந்தையிடமும் பேசிக்கொண்டே இருங்கள். படம் காட்டியும் செய்து காட்டியும் கற்பித்தால் எளிதில் பற்றிக்கொள்வார்கள். சட்டை போடுவதைக் கற்பிக்க, கடைசிப் பொத்தானை மட்டும் முதலில் குழந்தையிடம் விடுங்கள். அது கைவந்த பிறகு அடுத்தது.

'சாமி கொடுத்த குழந்தை' என்று போற்றி எதையும் கற்பிக்காமல் விடுவதும், 'மந்தம்' என்று ஒதுக்குவதும் குழந்தைக்குத் தரும் இழப்பு ஒன்றுதான்.

ஊர் மாறும் விதம்

ஊராரின் எண்ணம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு நம் வட்டாரமே விடை வைத்திருக்கிறது. தொழுநோயாளிகள் வீட்டை விட்டும் வேலையை விட்டும் விரட்டப்பட்ட காலம் நம் தாத்தா பாட்டிகளுக்கு நினைவிருக்கும். 1940களின் பிற்பகுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் அவர்களுடைய மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது. 1963இல் காட்பாடியில் குணமானோருக்கான தொழிற்கூடம் தொடங்கியது. அதுவே இன்றைய வொர்த் டிரஸ்ட். மருந்தும் அறுவையும் நோயைக் குணமாக்கின. அந்த மனிதர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்வதைக் கண்ட பிறகே அச்சம் குறைந்தது.

டவுன் சின்ட்ரோமிலும் பெற்றோரே வழி திறந்திருக்கிறார்கள். தம் மகளை வளர்த்த அனுபவத்திலிருந்து சுரேகா ராமச்சந்திரன் 1984இல் சென்னையில் 'மாத்ரு மந்திர்' பயிற்சி மையத்தைத் தொடங்கினார். அம்முயற்சி வளர்ந்து இந்திய டவுன் சின்ட்ரோம் கூட்டமைப்பாக விரிந்துள்ளது. வேலூர் பாகாயத்திலுள்ள நம்பிக்கை நிலையத்தில் பெற்றோர் குழந்தையுடன் சில வாரங்கள் தங்கி, வீட்டிலேயே கற்பிக்கும் முறையைப் பயில்கிறார்கள்.

அமெரிக்காவில் 1983இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள். இன்று ஏறத்தாழ 60. உரிய நேரத்தில் இதய அறுவை, விடுதிகளில் ஒதுக்கி வைக்காமல் குடும்பத்தில் வளர்த்தது ஆகியவை இம்மாற்றத்தின் முக்கியக் காரணங்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற்றால், தகுதியுடையோர் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 'நிரமயா' காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. 18 வயதுக்குப் பின் சட்டப்படியான காப்பாளரை மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின் மூலம் நியமிக்கலாம்.

ஆனால் ஊரின் மனத்தை மாற்றச் சட்டம் மட்டும் போதாது. சோளிங்கர் மலைக்குக் குடும்பத்தோடு செல்லும்போதும், மேல்விஷாரத்து நிக்காஹ் விருந்துக்குச் செல்லும்போதும், சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் போகும்போதும் குழந்தையை உடன் அழைத்துச் செல்லுங்கள். "என்ன குறை?" என்று எவரேனும் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள்: "இவளுக்கு டவுன் சின்ட்ரோம். மெதுவாகக் கற்றுக்கொள்வாள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், நினைவில் வைத்துக்கொள்வாள்." முதல் சில முறை உங்கள் குரல் நடுங்கலாம். அடுத்த முறை அக்கடைக்காரரே குழந்தையைப் பெயர் சொல்லி அழைப்பார்.

அக்கம்பக்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். 'பாவம்' என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகளோடு விளையாட அழையுங்கள்.

குரோம் டிரம்மில் வேலை பார்க்கும் அந்தத் தந்தை இப்போதும் பரிசோதனைக்கு வருகிறார். மகளுக்கு இதயத்தில் இருந்த துளை ஐந்தாம் மாதத்தில் அறுவை செய்து அடைக்கப்பட்டது. சென்ற முறை வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகளின் முட்டையையும் இவளே எடுத்துத் தின்றுவிடுகிறாளாம், என்ன செய்வது?

அடுத்த முறை எங்களிடம் வரும்போது குழந்தையின் எல்லா அறிக்கைகளையும் எடுத்து வாருங்கள். குழந்தையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று வீட்டில் மிகவும் வற்புறுத்துபவர் யாரோ, பாட்டியோ பெரியப்பாவோ, அவரையும் அழைத்து வாருங்கள். அவரோடு பேசுவதற்கு நாங்கள் தனியே நேரம் ஒதுக்குவோம்.