நாத்திகமும் நம் மறுமொழியும்

நாத்திகம் புதிதன்று. சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதன் மதத்தைக் கூறியே தொடங்குகின்றது. மணிமேகலை சமயக்கணக்கர் பலரோடு பூதவாதியையும் வினவி அவன் திறம் கேட்கின்றாள். நீலகேசியிலும் பூதவாதத்திற்கெனத் தனிச் சருக்கம் உண்டு. பரபக்கத்தில் நாம் மதிக்கத்தக்க முறையொன்று உளது: மறுக்கப்படுவோனது கொள்கை முதலில் முற்றக் கூறப்படுகின்றது, மறுப்பு அதன் பின்னரே வருகின்றது. இறைநம்பிக்கையுடையோராகிய நம்மிடத்தில் இம்முறை இக்காலத்து அருகிவிட்டது. 2006ஆம் ஆண்டில் ரிச்சர்டு டாக்கின்ஸ் என்னும் உயிர்நூற் பேரறிஞர் கடவுட் கொள்கையை மருட்சியெனக் கூறி ஒரு நூல் வெளியிட்டார். அதனைச் சினந்து பேசியோர் பலர். அவருள் அந்நூலை முழுதும் படித்தோர் சிலரேயாவர் என்று நாம் அஞ்சுகின்றோம்.

பல்லாண்டுகளுக்கு முன், நம்மிடம் பயின்ற அறிவியல் மாணவர் ஒருவர், கடவுள் உளர் என்பதற்குச் சான்று யாது என வினவினார். நாம் சற்றும் தயங்காது கண்ணின் அமைப்பை எடுத்துக் காட்டினோம். பாவையும் வில்லையும் விழித்திரையும் ஒன்றோடொன்று இசைந்து நிற்றல் அறிவுடைய ஒருவன் செயலேயன்றித் தானே அமைந்ததாகுமோ என்றோம். அவர் வணங்கிச் சென்றார். மறு ஆண்டு ஒரு நூலுடன் மீண்டும் வந்தார். ஒளியை மட்டும் உணரும் புள்ளி, அப்புள்ளி குழிந்தமைந்த கிண்ணம், வில்லையின்றி ஊசித்துளை போன்ற வாயினாலேயே காணும் நாட்டிலஸ் என்னும் கடலுயிரின் கண், பின்னர் வில்லையுடைய கண் எனப் படிப்படியான வடிவங்கள் இன்றும் வாழும் உயிர்களிடத்தே காணப்படுதலை அந்நூலிற் கோடிட்டு வைத்திருந்தார். “ஐயா, தாங்கள் அளித்த சான்று போயிற்று. அதன்மேல் நின்ற நம்பிக்கையும் போயிற்று” என்று மெல்லக் கூறினார். அவர் குரலிற் செருக்கில்லை; வருத்தமே இருந்தது. அவர் நம்பிக்கையைக் கெடுத்தவர் டார்வினா, நாமா என்னும் வினா அன்று தொட்டு நம்மை விட்டு நீங்கவில்லை.

நாம் செய்த பிழை நம்மினும் பெரியோர் செய்ததே. கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதனால் உண்டாகும் சிறு பிறழ்ச்சிகள் நாளடைவிற் பெருகி, அவ்வமைப்பு முழுதும் சீர்திருத்தப்பட வேண்டிய நிலை வரும் என்று நியூட்டன் கருதினார், சீர்திருத்துவோன் இறைவன். அவ்வாறாயின், தாம் செய்த கடிகாரத்திற்கு அடிக்கடி சாவி கொடுக்கும் திறமை குறைந்த கைவினைஞரோ கடவுள் என்று 1715இல் லைப்னிட்ஸ் எள்ளினார். லைப்னிட்ஸ் நாத்திகரல்லர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பின்னர், வியாழன் விரைந்து வருவதும் சனி தளர்ந்து வருவதும் என்றும் பெருகிச் செல்லும் பிறழ்ச்சியல்ல, ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வரும் ஊசலாட்டமே என்று 1785இல் லாப்லாஸ் கணக்கிட்டுக் காட்டினார். சீர்திருத்தும் கைக்கு அங்கே வேலையில்லாது போயிற்று.

நம் மாணவருக்கு நாம் சொன்ன கண்ணின் நியாயமோ வில்லியம் பேலி 1802இல் எழுதிய நூலினின்றும் வழிவழி வந்தது. வெளியிற் கிடக்கும் கடிகாரத்தைக் காண்பவன் அதனைச் செய்தவன் ஒருவன் உண்டெனத் துணிவான் அன்றோ என்பது அவர் தொடக்கம். இளமையில் அந்நூலை விரும்பிப் படித்துப் போற்றியவருள் ஒருவர் டார்வின். அவரே 1859இல் அந்நியாயத்தின் அடித்தளத்தைப் பெயர்த்தவர். அதன்பின் நிகழ்ந்தது நமக்கு இன்னும் பெரிய பாடம். அமெரிக்கத் தாவரநூற் புலவராகிய ஏசா கிரே உறுதியான கிறிஸ்தவர். டார்வினுக்கு உற்ற நண்பர். இயற்கைத் தெரிவு என்னும் கொள்கை இறைநம்பிக்கைக்கு முரணன்று என்று அவர் 1860இல் எழுதிய கட்டுரைகளை, டார்வினே முன்னின்று இங்கிலாந்திற் சிறுநூலாக வெளிவரச் செய்தார். எத்துணை நேர்மையான நட்பு! எனினும் கிரேயும் ஓரிடத்தில் வழுக்கினார். உயிர்களிடத்து மாறுதல்கள் தோன்றுங் காரணம் அந்நாளில் ஒருவருக்கும் தெரியாது. ஆதலின், அம்மாறுதல்களை நன்மை பயக்கும் வழியிற் கடவுள் நடத்துகிறார் எனக் கொள்வது நலம் என்றார். டார்வின் 1868இல் விடையிறுத்தார்: மலையினின்றும் உடைந்து வீழ்ந்த கற்களைத் தெரிந்தெடுத்துத் தச்சன் வீடு கட்டினால், அவன் வீட்டிற்காகவே ஒவ்வொரு கல்லும் அவ்வடிவில் உடைந்தது என்போமா? 1943இல் லூரியாவும் டெல்புருக்கும் பாக்டீரியங்களைக் கொண்டு செய்த சோதனை, மாறுதல்கள் தேவையை நோக்கி எழுவனவல்ல என்று காட்டிற்று. கிரே கடவுளை வைத்த இடமும் அடைபட்டது.

இவ்வழியை வேண்டாமென்றவரும் நம்பிக்கையாளருள் உண்டு. விரியும் உலகக் கொள்கையை 1927இல் வெளியிட்டு, 1931இல் அண்டத்திற்கு ஒரு தொடக்கம் உண்டென்று எழுதிய லெமெய்த்தர், பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவ்வாராய்ச்சியைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துப் பேசியபோது லெமெய்த்தர் மகிழவில்லை. தம் கொள்கை சமய வினாக்களுக்கு முற்றிலும் புறம்பானது, நாத்திகர் அதனை ஏற்றுக்கொண்டே கடவுளை மறுக்கலாம் என்பது அவர் நிலை. வலிய வந்த சான்றை வேண்டாமெனத் தள்ளிய இக்குருவை நாம் எத்துணை மதித்தாலும் தகும்.

இதனை இன்னும் கடுமையான இடத்திலிருந்து எழுதியவர் டீட்ரிக் பான்ஹோபர். ஹிட்லரை எதிர்த்தமையாற் பெர்லின் சிறையிற் கிடந்த அந்தப் போதகர் ஆங்கு ஓர் இயல்நூலைப் படித்தார். 1944 மே 29இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நாம் அறியாதவற்றிற் கடவுளைத் தேடுதல் தகாது, அறிந்தவற்றிலேயே காணல் வேண்டும். அறிவின் எல்லை விரியுந்தோறும் இடைவெளிக் கடவுள் பின்வாங்கிக்கொண்டே இருப்பார் என்னும் கருத்தை வரைந்தார். 1945 ஏப்ரல் 9இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அங்ஙனமாயின், அறிந்தவற்றில் எவ்வாறு காண்பது? ஒரு பாட்டின் ஒலியலைகளை ஒன்றுவிடாது அளந்தாலும் அதன் பொருள் அவ்வளவையில் அகப்படாது. ஆனால் அப்பொருள் ஓரொலிக்கும் மற்றோரொலிக்கும் இடையேயுள்ள வெற்றிடத்தில் ஒளிந்திருப்பதுமன்று. ஒலி முழுதினும் உள்ளது. உலகினிடத்து இறைவன் இருத்தலும் இத்தகையது என்பது நம் துணிபு. இது சான்றாகாது; உவமையே. பாட்டைப் பாடினோனை நாம் கண்டிருக்கிறோம், உலகைச் செய்தோனைக் கண்டதில்லையே என்று நாத்திகர் உடனே கேட்பார். கேட்பது நியாயமே. கணக்கை முடித்துக் கீழே கோடிடுவதுபோல் இறைநம்பிக்கையை முடித்துத் தர நம்மால் இயலாது.

இனி, நாத்திகரின் உண்மையான வலிமை கண்ணிலும் கோளிலும் இல்லை, துன்பத்தில் இருக்கின்றது. 1851இல் டார்வினின் மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். 1860 மே மாதத்தில் அவர் கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவின் உடலைத் தன் குஞ்சுகள் உள்ளிருந்து தின்னுமாறு அமைந்த குளவியினத்தை, அருளுடைய கடவுள் எண்ணிப் படைத்தார் எனத் தம்மால் நம்ப முடியவில்லை என்றார். உலகம் முழுதும் குருட்டு ஆற்றலின் விளைவே என்று கொள்ளவும் மனம் இசையவில்லை என்றும் எழுதினார். அவரது ஐயம் நம் உறுதிகள் பலவற்றினும் பணிவுடையது.

இவ்விடத்தில் நம்மவர் கூறும் விடைகள், வினை என்றும் சோதனை என்றும் மறுமையில் ஈடு செய்யப்படும் என்றும், பிணத்தின் அருகே நின்று கேட்பார்க்கு எவ்வாறு ஒலிக்கும்? யோபின் நூலைப் படித்தோர் அறிவர். யோபின் நண்பர் மூவரும் கடவுளுக்காக நெடிது வாதாடினர். இறுதியில் கடவுள் சினந்தது அந்நண்பர்மீதே. கடவுளோடு வழக்காடிய யோபு, திறம்படப் பேசியவன் எனக் கொள்ளப்பட்டான். அந்நண்பர் செய்தவற்றுள் நன்றென நமக்குத் தோன்றுவது, வாய் திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்த முதல் ஏழு நாட்களே.

மேற்கூறிய மாணவர் கல்லூரியை விட்டகன்ற சில ஆண்டுகளில் அவருடைய தங்கை நோயுற்று இறந்தாள். செய்தி கேட்டு நாம் அவ்வூருக்குச் சென்றோம். திண்ணையில் அவரோடு மாலைவரை அமர்ந்திருந்தோம். அவர் ஒன்றும் வினவவில்லை. நாமும் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கேற்றும் வேளையில் அவர் தாயார் நம்மைச் செபிக்குமாறு வேண்டினார். மாணவர் எழுந்து உட்செல்வார் என்று நினைத்தோம். அவர் செல்லவில்லை, தலை கவிழ்ந்து இருந்தார். இன்றும் ஆண்டுதோறும் நமக்குக் கடிதம் எழுதுகின்றார். நாத்திகராகவே இருக்கின்றார், தாம் அண்மையிற் படித்த நூல்களை நமக்கும் அனுப்புகின்றார். நாமும் அவற்றை முழுதும் படித்தே மறுமொழி எழுதி வருகின்றோம்.