நீராவி ரயிலில் ஒரு நாள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

என் தந்தையார் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாகப் பணியாற்றியவர். அடுப்பில் நிலக்கரியை அள்ளிப் போடுவதும், கொதிகலனின் நீர்மட்டத்தைக் கவனிப்பதும் அவருடைய வேலை. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், "அந்த எஞ்சின் ஊதுவதை இன்னொரு முறை கேட்க வேண்டும்" என்று தாயார் தம் விருப்பத்தைச் சொன்னார். மலை ரயில் என்றாலே நீராவி ரயில்தான் என்ற எண்ணத்தில், வட இந்தியாவில் ஒரு மலைப்பாதையில் செல்லக் குடும்பத்தோடு பயணச்சீட்டு வாங்கினேன். நிலையத்தை அடைந்தபோது வண்டியின் முன்னே நின்றது டீசல் எஞ்சின். தாயார் குறையேதும் கூறவில்லை. மாலையில் இறங்கிய பின், "மலை அழகாகத்தான் இருந்தது. உன் அப்பா வேலை பார்த்த எஞ்சின் இது இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

தவறு என்னுடையது. சீட்டு வாங்குவதற்கு முன் கேட்டிருக்க வேண்டியதை நான் கேட்கவில்லை. வைப்பு நிதியில் பணம் போடுமுன் வட்டி எவ்வளவு, முதிர்வு எப்போது என்று கேட்கிற நாம், அதே அளவு பணத்தை விடுமுறைக்குச் செலவிடும்போது ஒரு படத்தைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறோம். பாரம்பரிய ரயில் பயணத்தைத் திட்டமிடும் வாசகர்களுக்கு உதவக்கூடிய நான்கு கேள்விகளை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

முதல் கேள்வி: வண்டியை இழுப்பது எது?

இந்தியாவில் அகலப்பாதைக்கான கடைசி நீராவி எஞ்சின் 1970-இல் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவானது. அதற்கு 'அந்திம சிதாரா', அதாவது 'கடைசி விண்மீன்' என்று பெயரிட்டனர். மீட்டர் பாதைக்கான கடைசி எஞ்சின் 1972-இல் வெளிவந்தது. அகலப்பாதையில் வழக்கமான நீராவிப் போக்குவரத்து 1995-இல் முடிவுக்கு வந்தது. ஆகவே இன்று பாதை பழமையானதாக இருக்கலாம்; பெட்டிகள் பழமையானவையாக இருக்கலாம்; எஞ்சினும் அப்படியே இருக்கும் என்று கொள்ள இயலாது.

நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டர் செல்கிறது. இதில் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை நீராவி எஞ்சின். குன்னூருக்கு மேல் உதகை வரை டீசல். உதகையில் ஏறிக் குன்னூரில் இறங்கிவிடுவோர் நீராவி எஞ்சினோடு பயணம் செய்வதே இல்லை. இதை அறியாமல் ஏமாற்றம் அடைவோர் உண்டு.

டார்ஜிலிங் இமாலய ரயிலில் நியூ ஜல்பைகுரியிலிருந்து மலையேறும் முழுநீள வண்டி டீசலால் இழுக்கப்படுகிறது. டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை சென்று திரும்பும் உல்லாசப் பயண வண்டிகளில் நீராவி, டீசல் என இரு வகையும் உண்டு; கட்டணமும் வேறு வேறு. முன்பதிவு செய்கையில் வண்டியின் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கால்கா–சிம்லா பாதையில் அன்றாட வண்டிகள் அனைத்தும் டீசல். நூறாண்டுக்கு மேற்பட்ட நீராவி எஞ்சின் ஒன்று சிம்லாவில் பேணப்படுகிறது. அது முழு வண்டியையும் வாடகைக்கு எடுக்கும் குழுக்களுக்காகவே சிம்லாவுக்கும் கைத்லீகாட்டுக்கும் இடையே ஓடுகிறது. மும்பைக்கு அருகே நேரலிலிருந்து மாதேரானுக்கு ஏறும் சிறு ரயிலும் இப்போது டீசல்தான். குஜராத்தில் 2023-இல் தொடங்கிய அகமதாபாத்–ஏக்தா நகர் பாரம்பரிய ரயிலின் எஞ்சின் நீராவி எஞ்சினைப் போலத் தோற்றமளித்தாலும் மின்சாரத்தால் இயங்குவது. ஹரியானாவின் ரேவாரியில் 1893-இல் கட்டப்பட்ட எஞ்சின் கொட்டகை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அங்கே உயிர்ப்போடு வைக்கப்பட்டிருக்கும் எஞ்சின்கள் முன்கூட்டி அறிவிக்கப்படும் நாள்களில் மட்டுமே வண்டி இழுக்கும். மற்ற நாள்களில் அருகே நின்று பார்க்கலாம்.

நீராவிக்குக் கட்டணம் ஏன் கூடுதல் என்று சிலர் வினவுவதுண்டு. குளிர்ந்திருக்கும் எஞ்சினில் நீரைக் கொதிக்க வைத்து அழுத்தத்தை உயர்த்தவே பல மணி நேரம் ஆகும். வழியில் நின்று நின்று நீர் நிரப்ப வேண்டும். உதிரிப் பாகங்கள் கடையில் கிடைப்பவையல்ல. பெரும்பாலும் பணிமனையிலேயே வார்த்தும் கடைந்தும் செய்ய வேண்டியவை. நாம் கொடுக்கும் கூடுதல் தொகை இந்த உழைப்புக்கான விலை.

இரண்டாம் கேள்வி: ஒரே நாளில் திரும்ப முடியுமா?

'ஒரு நாள் பயணம்' என்னும்போது ரயிலில் அமரும் நேரத்தை மட்டும் கணக்கிடுகிறோம். வீட்டிலிருந்து நிலையத்தை அடையும் நேரமும், திரும்பும் வழியும் சேர்ந்ததே உண்மையான கணக்கு.

நீலகிரியில் இப்போதைய அட்டவணைப்படி வண்டி காலை 7 மணியளவில் மேட்டுப்பாளையத்தை விட்டுப் புறப்பட்டு நண்பகலில் உதகையை அடைகிறது. திரும்பும் வண்டி பிற்பகல் 2 மணியளவில் கிளம்பி, மாலை ஐந்தரை மணியளவில் மேட்டுப்பாளையம் வந்து சேர்கிறது. கோவையில் தங்குவோர் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறிய இருக்கையில் அமர வேண்டும். உதகையில் கிடைப்பது இரண்டு மணி நேரம். ஒரு வழி ரயிலிலும் மறு வழி பேருந்திலோ வாடகைக் காரிலோ செல்வது பலருக்கும் பொருந்தும்.

எந்த வழியை ரயிலுக்குத் தேர்வது? கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் உயர்கிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் மட்டும் இவ்வளவு பளுவைத் தாங்கி ஏற இயலாது. எனவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. முதல் சிலிண்டர்களில் வேலை செய்த நீராவியே வெளியேறாமல் இரண்டாம் சிலிண்டர்களுக்குச் சென்று அந்தப் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுவதால், முன்பெட்டியில் இருப்போருக்கு மலை மறைவின்றித் தெரியும். எஞ்சின் திணறி உழைக்கும் ஓசையைக் கேட்க விரும்புவோர் ஏறும் வண்டியைத் தேர்வதே சரி. இறங்கும் வண்டியில் எஞ்சின் பெரும்பாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பணியையே செய்கிறது. ஓசை குறைவு, நேரமும் குறைவு.

டார்ஜிலிங்கின் கணக்கு வேறு. நியூ ஜல்பைகுரியிலிருந்து சாலை வழியாக மலையேறவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கீழேயிருந்து ஒரே நாளில் சென்று உல்லாச வண்டியிலும் ஏறித் திரும்புவது அலைச்சலாகவே முடியும். டார்ஜிலிங்கில் இரண்டு மூன்று நாள் தங்குவோருக்கு, ஏறத்தாழ இரண்டு மணி நேரமே ஆகும் அந்தச் சுற்று மிகவும் ஏற்றது. வண்டி கடைவீதியை உரசிக்கொண்டு சென்று, பத்தாசியா வளைவில் தன்னையே சுற்றி ஏறி, 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தில் நின்று திரும்புகிறது. இந்திய ரயில் நிலையங்களில் மிக உயரமானது அது. 1881-இல் டார்ஜிலிங் வரை நிறைவுற்ற இப்பாதையில் பற்சட்டம் கிடையாது. வளைவுகளாலும், முன்னும் பின்னுமாக ஏறும் திருப்பங்களாலுமே மலையை வென்றிருக்கிறார்கள்.

மூன்றாம் கேள்வி: யாருக்காகச் செல்கிறோம்?

நான் முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். குழுவில் ஒருவருக்கு நீராவியே நோக்கமாக இருக்கலாம். மற்றவருக்குச் சுரங்கமும் பாலமும் போதும்.

குழந்தைகளுக்கும் இயற்கைக் காட்சியை நாடுவோருக்கும் கால்கா–சிம்லா பாதை பெருவிருந்து. 1903-இல் திறக்கப்பட்ட இந்த 96 கிலோமீட்டர் பாதையில் நூற்றுக்கு மேற்பட்ட சுரங்கங்களும் எண்ணூற்றுக்கு மேற்பட்ட பாலங்களும் உள்ளன. பரோக் சுரங்கம் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதல் நீளம். இங்கே டீசல் எஞ்சின் ஒரு குறையாகத் தோன்றாது. மலைக்காட்சி மட்டும் போதும் என்போர் குன்னூர்–உதகை இடையே டீசல் வண்டியில் குறைந்த செலவில் சென்று வரலாம். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லாத மாதேரான், அமைதியை விரும்பும் மும்பை, புனே வாசிகளுக்கு ஏற்ற ஒரு நாள் இடம்.

முதியோரை அழைத்துச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலை ரயில்களின் சிறு பெட்டிகள் பலவற்றில் கழிப்பறை இல்லை. வண்டி நிற்கும் நிலையங்களையே நம்ப வேண்டும். இருக்கைகள் நெருக்கமானவை. டார்ஜிலிங்கின் எஞ்சின்கள் நிலக்கரியில் இயங்குபவை. கரித்தூள் கண்ணிலும் உடையிலும் படும். ஆஸ்துமா உள்ளவர்கள் எஞ்சினுக்கு அடுத்த பெட்டியைத் தவிர்ப்பது நல்லது. நீலகிரியின் எஞ்சின்கள் பெரும்பாலும் எண்ணெயில் இயங்குவதால் அங்கே இத்தொல்லை குறைவு.

நான்காம் கேள்வி: எந்தப் பருவத்தில்?

மலைப்பாதைகளுக்குப் பெரும்பகை மழை. நீலகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் மண் சரிந்து வண்டிகள் நிறுத்தப்படுவது வழக்கம். டார்ஜிலிங்கிலும் சிம்லாவிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த இடர் உண்டு. 2023 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் சிம்லா அருகே பாதையின் அடிமண் அடித்துச் செல்லப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. மாதேரானில் மழைக்காலத்தில் நேரலிலிருந்து வண்டி இல்லை. மலையுச்சியில் அமன் லாட்ஜ்–மாதேரான் இடையே மட்டும் வண்டி ஓடும்.

கோடை விடுமுறையில் இடர் வேறு வகையானது: இடம் கிடைக்காது. மழைக்கும் கூட்டத்துக்கும் இடைப்பட்ட காலமே சிறந்தது. நீலகிரிக்கு ஜனவரியின் பிற்பகுதியும் பிப்ரவரியும். டார்ஜிலிங்குக்கு மழை ஓய்ந்து கஞ்சன்ஜங்கா தெளிவாகத் தெரியும் அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும்.

பயணச்சீட்டும் பணப் பாதுகாப்பும்

இவ்வண்டிகளில் இடங்கள் குறைவு, தேவை மிகுதி. மோசடிக்காரர்கள் காத்திருப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். சில எளிய பழக்கங்கள் நம்மைக் காக்கும்.

முதலாவது, இந்திய ரயில்வேயின் அதிகாரபூர்வ இணையதளம், செயலி, நிலைய முன்பதிவு மையம் ஆகியவற்றில் மட்டும் சீட்டு எடுங்கள். தேடுபொறியில் முதலில் தோன்றும் விளம்பர இணைப்பைச் சொடுக்காமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

இரண்டாவது, "உறுதியான இடம் வாங்கித் தருகிறேன்" என்று கைப்பேசியில் அழைப்பவருக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, வண்டி ரத்தானால் பணம் நீங்கள் செலுத்திய கணக்குக்கே திரும்பி வரும். பணத்தைப் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ தேவைப்படாது. அதைக் கேட்பவர் மோசடிக்காரர். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.

நான்காவது, திட்டத்தில் ஒரு மாற்று வழிச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண் சரிந்து வண்டி நின்றால் வாடகைக் காருக்கோ கூடுதலாக ஓர் இரவு தங்கவோ பணம் கையில் இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் வரிசை

மேற்சொன்ன அனைத்தையும் சுருக்கினால் வரிசை இப்படி அமையும். யாருக்காகச் செல்கிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அவருக்கு நீராவிதான் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் நீலகிரியின் கீழ்ப்பகுதி, டார்ஜிலிங்கின் கூம் சுற்று ஆகிய இரண்டுமே எளிதில் எட்டக்கூடியவை. இவற்றில் ஒரே நாளில் முடிய வேண்டுமானால் நீலகிரி. மலையில் தங்கும் வாய்ப்பிருந்தால் டார்ஜிலிங். நீராவி கட்டாயமில்லை என்றால், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மலைப்பாதையே போதும். அதன் பிறகு பருவம், கடைசியில் சீட்டு. நான் சீட்டில் தொடங்கினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பிப்ரவரி மாதத்தில், தாயாரைக் கோவையிலிருந்து காரில் குன்னூருக்கு அழைத்துச் சென்றேன். முழங்கால் வலியோடு ஐந்து மணி நேரம் ஏறும் வண்டியில் அவரால் அமர இயலாது. ஆகவே குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வண்டியில் மட்டும் இடம் பிடித்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். உதகையிலிருந்து வந்த டீசல் எஞ்சின் விலகியது. நீராவி எஞ்சின் மெல்ல வந்து பெட்டியோடு இணைந்தது. புறப்படுமுன் நீண்டதாக ஒரு முறை ஊதியது.

தாயார் நடைமேடையில் என் கையைப் பிடித்தபடி நின்றிருந்தார். "இதுதான்" என்றார். பிறகு, எஞ்சினுக்குள் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாயா தம்பி?" என்று கேட்டார்.