காளானை அடியோடு பார்ப்போம்

ஐப்பசி, கார்த்திகை மழையோடு சாம்பல்தீவுப் பக்கத்துப் பற்றைக் காணிகளில் காளான் தேடும் நாள்களும் வந்துவிடும். பூச்சி அரித்தது நல்லது, மஞ்சளோடு அவித்து நிறம் மாறாதது நல்லது என்பார்கள். இவை சோதனையாகா. மனிதரைக் கொல்லும் காளானையும் புழு தின்னும்.

தண்டை ஒடித்துப் பறிப்பதே நாம் விடும் முதற் பிழை. அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது! கத்தியால் ஆழத் தோண்டி எடுப்போம். புற்றுக்காளானின் குடை நடுவில் கூராக இருக்கும். தண்டு வேர்போல் நீண்டு கறையான் கூட்டுக்குள் இறங்கும். மாறாக, அடியில் முட்டைக்கோது போன்ற பையும், குடையின் கீழ் வெள்ளை மடிப்புகளும் கண்டால் விட்டுவிடுவோம். அமனிற்றா இனத்துக் கொல்லிக் காளான்களுக்கு இவ்வடையாளம் உண்டு. அந்த நஞ்சு சமைத்தாலும் அழியாது. வாந்தி தொடங்க 6 மணித்தியாலத்துக்கு மேலாகலாம். அதற்குள் நஞ்சு ஈரலைத் தாக்கத் தொடங்கிவிடும்.

புல்தரையில் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை ஒன்றும் ஏமாற்றும். தண்டில் வளையம் இருக்கும். இளமையில் வெள்ளையான மடிப்புகள் முற்றியபின் பச்சையாகும். ஆகவே குடையை வெட்டி, மடிப்புப் பக்கம் கீழாக வெள்ளைத் தாளில் வைத்து, கோப்பையால் மூடி ஓர் இரவு விடுவோம். விழும் தூள் பச்சையெனில் நஞ்சு. புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. ஆனால் நஞ்சுள்ள வேறு சிலவற்றுக்கும் அந்நிறமே. எல்லா அடையாளமும் பொருந்தாவிட்டால் சட்டியில் போட வேண்டாம்.

உண்டவருக்கு வயிற்றைப் பிரட்டினால், மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.