தலைவர் அறையில் இல்லாதபோது

தலைமை கருவிலே வாய்க்கும் திரு என்று நெடுங்காலம் நம்பினர். கர்ட் லெவின் என்னும் உளநூல் அறிஞர் தலைவரின் பிறப்பை நோக்காது நடத்தையை நோக்கினார். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டில் செர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற அவருக்குத் தலைமை வெறும் ஏட்டுப் பொருளாக இருந்திருக்க இயலாது.

அயோவாப் பல்கலைக்கழகத்தில் அவர் லிப்பிட், ஒயிட் என்பாருடன் நிகழ்த்திய ஆய்வு 1939-இல் வெளிவந்தது. பத்து வயதுச் சிறுவர் சிறு சிறு குழுக்களாகக் கூடி, முகமூடி செய்தல், சோப்புக் கட்டியில் உருவம் செதுக்குதல் போன்ற கைவேலைகளில் ஈடுபட்டனர். ஒரு முறையில் தலைவர் அனைத்தையும் ஆணையிட்டார். மற்றொன்றில் சிறுவரோடு கலந்து முடிவு செய்தார். மூன்றாவதில் வாளா இருந்தார். அம்மூன்றாம் முறையில் வேலை ஓங்கவில்லை. ஒருவரே ஒரு குழுவில் ஒரு முறையையும் மற்றொரு குழுவில் வேறு முறையையும் மேற்கொண்டார் என்பது கருதத்தக்கது. தலைவர் மாறவில்லை, முறையே மாறியது.

ஆணைக்கு அடங்கிய சிறுவர் சற்று மிகுதியாகவே வேலை செய்தனர். இதனை மறைத்தல் கூடாது. ஆயினும், தலைவர் அறையை விட்டு நீங்கியதும் அவர்தம் கைகள் ஓய்ந்தன. கலந்து முடிவு செய்த குழுவினரோ, அவர் சென்றதை அறியாதார் போலத் தம் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தனர்.