பெரிய சொல் பயமுறுத்தும், சின்னச் சொல் கவிழ்க்கும்

பிளஸ் டூ வரை தமிழில் கணக்குப் படித்துவிட்டுப் பொறியியல் முதலாண்டில் நுழையும் பிள்ளைக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. ஆனாலும் தமிழில் படித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் கால்குலஸை ஆங்கிலத்தில்தான் எதிர்கொள்கிறார்கள். அவர்கள் காதில் விழும் அறிவுரைகளில் சில, கேட்கச் சரியாகத் தோன்றினாலும் தவறானவை.

நம்பிக்கை: கலைச்சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால் போதும்.

உண்மையில் கலைச்சொற்கள்தான் இதில் சுலபமான பகுதி. சார்பு என்றால் ஃபங்ஷன், வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ், தொடுகோடு என்றால் டேன்ஜென்ட். ஒரு செமஸ்டருக்கு வேண்டியதை ஒரே தாளில் எழுதிவிடலாம். வாரத்துக்குப் பத்துத் தடவை காதில் விழும் சொற்கள், தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஆளைக் கவிழ்ப்பவை இவற்றுக்கு நடுவே கிடக்கும் சில்லறைச் சொற்கள்.

எல்லாப் புத்தகங்களிலும் வரும் ஏணிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி, நொடிக்கு 1 மீட்டர் வீதம் சுவரைவிட்டு விலகுகிறது. அடி 6 மீட்டர் தொலைவில் இருக்கும்போது உச்சி என்ன வேகத்தில் இறங்கும்? தமிழில் நிபந்தனை முன்னால் வருகிறது, கேள்வி கடைசியில். ஆங்கிலப் புத்தகத்தில் ‘ஹவ் ஃபாஸ்ட்’ என்று கேள்வி முதலில் வந்துவிடும். ‘வென்’ என்று தொடங்கும் நிபந்தனை வாலில் தொங்கும். வாக்கியம் பிடிபடாத பிள்ளை அதிலிருந்து எண்களை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது: 10, 1, 6. தொலைவு 6 என்று முதலிலேயே போட்டு, உயரம் 8 என்று கண்டுபிடித்து, அதன் பிறகு வகையிடுகிறது. மாறிலியை வகையிட்டால் பூஜ்யம். ஏணியின் உச்சி அசையவே இல்லை என்று விடை வருகிறது! அந்த 6, ஒரு கணத்துக்கு மட்டும் உரிய எண். முதலில் பிதாகரஸ் சமன்பாட்டை நேரத்தைப் பொறுத்து வகையிட வேண்டும், பிறகுதான் 6-ஐயும் 8-ஐயும் இட வேண்டும். உச்சி நொடிக்கு 0.75 மீட்டர் வேகத்தில் இறங்கும். ‘இருக்கும்போது’ என்று தமிழில் படித்தபோது இந்தப் பிள்ளைக்கு இது புரிந்தேதான் இருந்தது.

‘அட் லீஸ்ட்’ இன்னொரு பொறி. ‘லீஸ்ட்’ கண்ணில் பட்டதும் மனம் ‘குறைவு’ என்று முடிவுகட்ட, குறி தலைகீழாக விழும். ‘வித் ரெஸ்பெக்ட் டு’ என்பதில் மரியாதை எதுவும் கிடையாது, ‘பொறுத்து’ என்று நாம் சொல்வதுதான். எல்லாவற்றிலும் பொல்லாதது ‘ஃபார் எவ்ரி’, ‘தேர் எக்ஸிஸ்ட்ஸ்’ என்ற ஜோடி. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு என்பதும், எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு சாவி உண்டு என்பதும் ஒன்றா? லிமிட்டின் வரையறையில் வரும் எப்சிலானையும் டெல்டாவையும் இடம் மாற்றிப் படிக்கிறவர் அந்தக் குழப்பத்தில்தான் விழுகிறார்.

நம்பிக்கை: ஆங்கிலமே தாய்மொழி என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

சில இடங்களில் அவர்கள் பாடு நம்மைவிட மோசம். ஜான் மோனகன் என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் 1991-இல் வெளியிட்ட கட்டுரை, லிமிட் பற்றிய பேச்சில் வரும் சொற்களை ஆங்கிலம் பேசும் மாணவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கிறது. அவர்களுக்கு லிமிட் என்றதும் சாலையோரத்து வேகவரம்பு நினைவுக்கு வந்துவிடுகிறது: தாண்டக் கூடாத கோடு. கணிதத்தில் அப்படி ஒரு தடை இல்லை. சைன் எக்ஸை எக்ஸால் வகுத்துக்கொண்டு, எக்ஸை முடிவிலியை நோக்கி விடுங்கள். எல்லை பூஜ்யம். ஆனால் போகும் வழியில் அந்தச் சார்பு பூஜ்யத்தை எண்ணற்ற முறை தொட்டு, தாண்டி, திரும்பி வருகிறது. தமிழில் ‘எல்லை’யும் இதே வம்பைத்தான் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அகராதியைப் பார்த்து இங்கே ஒரு பயனும் இல்லை, வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: தமிழில் படித்ததெல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தொகையிடலுக்குப் போடும் நீண்ட குறியை லைப்னிட்ஸ் எழுதத் தொடங்கியது 1675-இல். கூட்டுத்தொகையைக் குறிக்கும் ‘சும்மா’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது. நாம் அதைத் ‘தொகை’ என்றே படித்தோம். இதில் வீணாக என்ன இருக்கிறது? தமிழ்நாட்டுப் பாடநூல் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தை இரு மொழியிலும் தருகிறது. அதே பாடம், அதே கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்வுகளின் வாக்கியங்களை மட்டும் வாய்விட்டுப் படிப்பவருக்குத் தனியாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தேவைப்படாது. இந்த வழியை ஏனோ யாரும் சொல்லித் தருவதில்லை.

நம்பிக்கை: உச்சரிப்பு தப்பானால் மானம் போய்விடும்.

நம் வகுப்பில் ‘எஃப் டேஷ்’ என்பதை அமெரிக்கப் பேராசிரியர் ‘எஃப் பிரைம்’ என்பார். நாம் ‘டோ’ என்று படிக்கும் பகுதி வகைக்கெழுக் குறியை அவர் ‘பார்ஷியல்’ என்பார். யூடியூபில் கேட்டுத் திகைக்க வேண்டாம், இரண்டும் நடைமுறையில் உள்ளவைதான். லோபிதால் விதியை ‘எல் ஹாஸ்பிட்டல்’ என்று படித்து வகுப்பே சிரிக்கக் கேட்டவர்கள் உண்டு. அந்தப் பிரெஞ்சுக்காரர் தம் பெயரை ‘எஸ்’ சேர்த்துத்தான் எழுதினார். எழுத்தை நம்பிப் படித்தவர்மேல் குற்றமில்லை. போதாக்குறைக்கு, 1696-இல் அவர் புத்தகத்தில் வெளிவந்த அந்த விதியைக் கண்டுபிடித்தவரே வேறு ஆள். லோபிதாலிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தம் கண்டுபிடிப்புகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பிய யோஹான் பெர்னூலி.