டர்போவும் கோடைக் காற்றும்

பந்தயக் கார்களில் தனியே வாங்கிப் பொருத்தப்படும் டர்போ கருவியின் அடிப்படை, நாம் வகுப்பில் பயிலும் வெப்ப இயக்கவியலே ஆகும். வீணாகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதே அதன் வேலை. இம்முறைக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார்.

காற்றழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் உட்செல்லும் காற்றும் ஒன்றரை மடங்காகுமா? ஆகாது; அழுத்தப்படும் காற்று சூடேறும். திண்டுக்கல்லின் கோடைக் காற்று 40 டிகிரி, அதாவது 313 கெல்வின் எனக் கொள்வோம். வெப்ப மாற்றீடற்ற நிகழ்வின் விதிப்படி, 313-ஐ 1.5-இன் 0.286 அடுக்கால் பெருக்கினால் சுமார் 351 கெல்வின். அதாவது 78 டிகிரி. ஆகவே காற்றின் அடர்த்தி 50 சதவீதம் கூடாமல் ஏறத்தாழ 34 சதவீதமே கூடும். நடைமுறையில் இன்னும் குறையும்.

சூடான காற்றால் வேறொரு கேடும் உண்டு. பெட்ரோல் கலவை முறைதவறித் தானே வெடிக்கும், பிஸ்டன் சிதையும். எனவே காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். எரிபொருளைக் கூட்டித் தீப்பொறியைச் சற்றுத் தாமதிக்க வேண்டும். மிகை அழுத்தத்தைத் தடுக்க வேஸ்ட்கேட் வேண்டும். நிமிடத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் அச்சுக்குத் தூய எண்ணெய் இடையறாது பாய வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதையும் மறத்தல் கூடாது.

நண்பர்களே, தேர்வுக்கென நாம் மனப்பாடம் செய்யும் அந்த ஒரு வரிச் சூத்திரம், பட்டறையில் ஓர் என்ஜினையே காக்க வல்லது. கருவிக்குப் பணம் கொடுக்கும் முன் கணக்கைப் போட்டுப் பார்ப்போமாக!