காகிதத் தடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பூக்கடைகளில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படிவம் நான்கு மாணவர்கள் இருபத்திரண்டு பேரும், ஆசிரியர் இருவரும், நானும் கேஎல் சென்ட்ரலிலிருந்து முசியம் நெகாரா நிலையத்திற்கு நடந்து சென்று எம்ஆர்டி ஏறினோம். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்து புக்கிட் கியாரா அடிவாரத்தை அடைந்தபோது வானம் வெளுத்திருந்தது. உள்ளூர் ஓட்டக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தனர். புறப்பாட நடவடிக்கைக்காக ஏற்பாடு செய்யப்பட்ட காட்டுத் தட ஓட்டம் அது.

இதைப் பந்தயம் என்று நினைத்து வந்த மாணவர்கள் சற்று ஏமாந்தார்கள். இந்த ஓட்டத்தில் முதல் பரிசு கிடையாது. குழுவில் ஒருவர் ‘முயல்’. அவர் முன்னதாகவே காட்டுக்குள் சென்று சிறுசிறு காகிதத் துண்டுகளைத் தூவித் தடம் அமைத்துவிடுவார். மற்றவர்கள் ‘வேட்டை நாய்கள்’. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அவர்கள் முயலின் வழியைக் கண்டுபிடித்து ஓட வேண்டும். சில இடங்களில் காகிதம் திடீரென நின்றுவிடும். அங்கிருந்து பல திசைகளில் பாதை பிரியும், ஒன்றுதான் சரியானது. வேகமாக ஓடி வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் சென்று தேடுவார்கள். பின்னால் வருபவர் “ஆர் யூ?” என்று குரல் கொடுப்பார். தேடிக்கொண்டிருப்பவர் “செக்கிங்” என்பார். காகிதத்தைக் கண்டவர் “ஆன் ஆன்!” என்று கத்துவார். அதற்குள் மெதுவாக வருபவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள். தவறான பாதையில் நெடுந்தூரம் போன வேகக்காரர் இப்போது கடைசி ஆளாகிவிடுவார்! வேகத்தையும் நிதானத்தையும் ஒரே நேரத்தில் இலக்கில் சேர்க்க இதைவிட எளிய உத்தியை நான் கண்டதில்லை.

காகிதம் தூவி ஓடும் விளையாட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துப் பள்ளிகளில் இருந்தது. ஆனால், இன்று உலகின் பல நாடுகளில் ‘ஹேஷ்’ என்ற பெயரில் நடக்கும் ஓட்டம் பிறந்த ஊர் நம் கோலாலம்பூர்தான். 1938ஆம் ஆண்டு இறுதியில், இங்குக் கணக்காய்வாளராகப் பணியாற்றிய ஆல்பர்ட் கிஸ்பர்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் திங்கட்கிழமை மாலைகளில் ஓடத் தொடங்கினர். அவர்களில் பலர் சிலாங்கூர் கிளப்பைச் சார்ந்த விடுதியில் தங்கியிருந்தவர்கள். அங்குச் சாப்பாடு அவ்வளவு சுவையாக இல்லை போலும். அந்த உணவுக்கூடத்தைக் கேலியாக ‘ஹேஷ் ஹவுஸ்’ என்று அழைத்தனர். குழுவிற்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. வாயில் வைக்க முடியாத சாப்பாடு உலகப் புகழ் பெற்றது இப்படித்தான். ஓட்டம் முடிந்ததும் அவர்கள் எதைக் குடித்துத் தாகம் தணித்தார்கள் என்பது இந்தப் பாடத்திற்கு வேண்டாத செய்தி.

கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைக் காக்கும் போரில் இறந்தார். போர் முடிந்த பின், 1946இல் எஞ்சிய நண்பர்கள் மீண்டும் ஓடத் தொடங்கினர். 1962இல் சிங்கப்பூரிலும் ஒரு குழு தோன்றியது. அதன்பின் இந்த ஓட்டம் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. தாம் தொடங்கி வைத்தது இவ்வளவு தூரம் ஓடும் என்று கிஸ்பர்ட் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அன்று காலை நாங்கள் ஓடியது ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். முதல் மேட்டிலேயே ஒரு மாணவிக்கு மூச்சு வாங்கியது. “நான் திரும்பிப் போயிடறேன், டீச்சர்” என்றாள். குழுவில் கடைசி ஆளாக வரும் பொறுப்பு ஒரு பெரியவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. “எனக்கும் இந்த வேகம்தான், வாம்மா” என்று சொல்லி அவளோடு நடந்தார். இரண்டாவது பிரிவில் முன்னால் போனவர்கள் எல்லாரும் வலப்பக்கம் ஓடித் தேடிக்கொண்டிருக்க, மெல்ல வந்த அவளே இடப்பக்கப் புதரடியில் கிடந்த காகிதத்தைக் கண்டாள். “ஆன் ஆன்” என்று அவள் கத்திய குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனால், எல்லாருக்கும் கேட்டது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மூன்றாவது பிரிவில் தலைகளை எண்ணினோம். இருபது மாணவர்களே இருந்தனர். யாரையும் எதிர்பார்க்காமல் முன்னால் பறந்த இரு மாணவர்களைக் காணவில்லை. கைப்பேசியில் அழைத்தோம், தொடர்பு கிடைக்கவில்லை. மேற்கே மழைமேகம் திரண்டிருந்தது. ‘நூறு எட்டு நடந்தும் காகிதம் தென்படாவிட்டால், கடைசியாகக் காகிதம் கண்ட இடத்திற்கே திரும்புங்கள்’ என்ற விதியைக் காலையில் ஒரே ஒரு முறைதான் நான் சொல்லியிருந்தேன். அதுவும் பிள்ளைகள் காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்! அந்த நொடியில் அதுதான் என் நெஞ்சை உறுத்தியது.

ஆசிரியர் ஒருவர் ஓடைப் பக்கம் இறங்கித் தேடப் புறப்பட்டார். பெரியவர் அவரைத் தடுத்தார்.

“கீழே போயிருக்க மாட்டாங்க, சார். நிரையிலதான் ஓடியிருப்பாங்க. நிரை மலையைச் சுத்தும், இறங்காது.”

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். மலைச்சரிவில் பால்மரம் நடுவதற்கு, மண் அரிக்காதபடி ஒரே மட்டத்தில் படிப்படியாக நிலத்தை வெட்டுவார்கள். அப்படி வெட்டிய படிகளில் மரங்கள் வரிசையாக நிற்கும். தோட்டம் கைவிடப்பட்டுக் காடு மண்டிய பிறகும் அந்தப் படிகள் அழியவில்லை. பார்ப்பவர்க்கு அவை நல்ல பாதை போலவே தோன்றும். அவற்றில் ஓடுவது எளிது. மேடு பள்ளம் இல்லை. அதனாலேயே வழி தவறியவர் தம்மை அறியாமல் அவற்றில் போய்க்கொண்டே இருப்பார்.

பெரியவர் அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மாணவியையும் மற்றவர்களையும் ஆசிரியர்களிடம் ஒப்படைத்துவிட்டு, நானும் குழுவினர் இருவரும் அவர் பின்னால் சென்றோம். அவர் ஒரு நிரையில் நின்று விசில் ஊதுவார், காது கொடுப்பார், அடுத்த நிரைக்கு ஏறுவார். நான்காவது நிரையில் பதில் விசில் கேட்டது. மாணவர்கள் இருவரும் ஒரு பால்மரத்தடியில் உட்கார்ந்திருந்தனர். ஒருவன் முழங்காலில் சிராய்ப்பு. பயத்தை மறைக்க இருவரும் சிரித்தார்கள். “ஒரே மரத்த ரெண்டு தடவ பார்த்தோம், அங்கிள். அப்புறம்தான் உட்கார்ந்துட்டோம்” என்றான் மற்றவன். உட்கார்ந்ததுதான் அன்று அவர்கள் செய்த சரியான காரியம். நான் திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எங்கோ போய்விட்டன.

மழை எங்களுக்கு முன்பாகவே அடிவாரத்தை அடைந்துவிட்டது. தோட்டத்தை விட்டு வந்த தொழிலாளர் குடும்பங்கள் 1980களிலிருந்து வாழும் நீள்வீடுகள் அங்கிருந்து தொலைவில் இல்லை. பெரியவரும் சிறு வயதில் அங்கிருந்தவர்தானாம். கூரை ஒன்றின் கீழ் ஒதுங்கி நின்று, கொண்டு வந்திருந்த நெத்திலிச் சம்பல் ரொட்டியைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். நனைந்த மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கோடு பெற்றோர் பால் வெட்டப் போனதை அவர் சொன்னார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் அந்த அவசரம். பள்ளி விடுமுறை நாள்களில் அவரும் உடன் சென்று மங்கு துடைப்பாராம்.

“நாங்களும் இருட்டுல இதே மலையிலதான் ஓடினோம். எங்களுக்கு யாரும் காகிதம் போடல” என்று சொல்லிச் சிரித்தார்.

காகிதத்தைக் கண்டுபிடித்த மாணவி, தான் வழியில் பார்த்த மரத்தின் தழும்பைப் பற்றிக் கேட்டாள். அது ஏன் நேராக இல்லாமல் சாய்ந்திருக்கிறது? பெரியவர் ஒரு குச்சியை எடுத்து, ஈர மண்ணில் மரம் ஒன்றை வரைந்தார். இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக ஒரு கோடு இழுத்தார். பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து போகின்றன; அவற்றுக்குக் குறுக்காக இப்படி வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் திறக்கும், பாலும் கோட்டின் வழியே இறங்கி மங்கில் விழும் என்றார். உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். ஆழம் போதாவிட்டால் பால் வராது.

“அந்த அளவு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் அவள்.

“அம்மாவுக்குக் கை சொல்லும்” என்றார் அவர். மழை விட்டதும் அந்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்று வழி தவறிய இருவரும் முதலில் எழுந்தார்கள். இம்முறை அவர்கள் பெரியவருக்குப் பின்னால் நடந்தார்கள்.